உள்ளே பிடி இல்லாத கதவு

அந்த வாரம் மலைமேல் இருந்தவர்கள் நான்கு பேர். நட்சத்திரத்தை அளக்க வந்த இளையவள். அவளுடைய அத்தை. தொலைநோக்கியை இயக்குபவன், அவனை எல்லோரும் ஆந்தை என்றுதான் கூப்பிடுவார்கள், அவனும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. நான்காவது ஆள், வேறோர் ஆய்வுக்கூடத்திலிருந்து சாட்சியாக வந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர். இளையவளின் வீட்டில் அவருக்கு மறுப்புக்காரர் என்று பெயர். இந்த நால்வரைத் தவிர அங்கே யாரும் இல்லை. ஜீப் ஓட்டி வந்தவன் சாமான்களை இறக்கி வைத்துவிட்டு, குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்காமல் இறங்கிப் போய்விட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள்.

கட்டடம் பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. கதவைத் தள்ளியதும் ஈரச் சிமெண்டு வாடையும் பழைய கிரீஸ் வாடையும் முகத்தில் அடித்தன. மேலே குவிமாடத்தின் தகடுகளுக்குள் காற்று புகுந்து, வயசானவர்கள் எழுந்திருக்கும்போது முனகுவதுபோல ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டிருந்தது.

"வாடகைக்கு விட்டா பேய்கூட அட்வான்ஸைத் திருப்பிக் கேக்கும் மேடம்," என்றான் ஆந்தை.

"வாயைக் கழுவு," என்றாள் அத்தை. "இது என் அண்ணன் கட்டின இடம்."

"தப்புதான் பெரியம்மா. பேய் நல்ல பேயாத்தான் இருக்கும்."

மறுப்புக்காரர் சிரிக்கவில்லை. வாசல் சுவரில் இருந்த பித்தளைப் பலகையின் முன்னால் நின்று, கைக்குட்டையால் தூசியைத் துடைத்தார். இளையவளின் அப்பாவின் பெயரும், ஒரு நட்சத்திரத்தின் எண்ணும் அதில் பொறித்திருந்தன. துடைத்து முடித்ததும் உள்ளே போனார். எதிராளி மரியாதையாக நடந்துகொள்வதுபோல எரிச்சலூட்டுவது வேறெதுவும் இல்லை என்று இளையவளுக்கு அப்போது தோன்றியது.

வந்த காரியம் இதுதான். வானத்தில் சில நட்சத்திரங்கள் வயதாகி, நம் சூரியனைவிடப் பல மடங்கு ஊதிப் பெருத்துப் போயிருக்கின்றன. ராட்சத நட்சத்திரங்கள் என்று அவற்றுக்குப் பெயர். அவை சும்மா இருப்பதில்லை. அவற்றின் மேற்பரப்பு மெல்ல எழும்பும், மெல்ல அமிழும். எழும்பும்போது நம்மை நோக்கி வருகிறது, அமிழும்போது விலகிப் போகிறது. ஹாரன் அடித்தபடி லாரி நெருங்கும்போது சத்தம் கூர்மையாகவும், கடந்து போனபின் மழுங்கியும் கேட்கிறதல்லவா? டாப்ளர் பெயர்ச்சி என்பது அதுதான். ஒளியிலும் அது உண்டு. நட்சத்திர ஒளியை அதற்கென்று கட்டிய ஒரு கருவியால் பிரித்து விரித்தால் அதில் கறுப்புக் கோடுகள் தெரியும். அவை ஒரு மயிரிழை நீலப் பக்கம் நகரும், ஒரு மயிரிழை சிவப்புப் பக்கம் நகரும். அந்த மயிரிழையை அளந்தால் வேகம் தெரிந்துவிடும். வேகம் என்றால் பெரிய வேகமில்லை. ஒரு மனிதன் அறைக்குள் எழுந்து நடக்கிற வேகம்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், இதே மலையில், ஒரு ராட்சத நட்சத்திரத்தில் அந்த அசைவைக் கண்டதாக அறிவித்தவர் அப்பா. அலை சில இரவுகள் ஏறி இறங்கியது. இரவுக்கு இரவு சிறுத்தது. கடைசியில் நேர்கோடாகிவிட்டது. 'நட்சத்திரம் அடங்கிவிட்டது' என்று அப்பா எழுதினார். அந்த அலைப் படம் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

அதற்குப்பின் அந்த அலை யாருக்கும் தென்படவில்லை. அப்பாவுக்கும்தான். அவர் இறந்த பிறகு மறுப்புக்காரர் எழுதினார்: ஒரே ஒருமுறை தெரிந்து, பிறகு ஒருவருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. நட்சத்திர அட்டவணையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அப்பாவின் பெயரை எடுத்துவிடுவது என்று பேச்சு கிளம்பியது. மூத்த மகன் வெளிநாட்டில் இருந்துகொண்டு, விட்டுத்தள்ளு என்றான். இளையவள் விடவில்லை. அதே கருவியில், அதே பருவத்தில், உங்கள் கண் முன்னாலேயே அளந்து காட்டுகிறேன் என்று மறுப்புக்காரருக்கே எழுதினாள். அவரும் ஒத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அத்தை வந்ததற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. அண்ணன் பெயரை நாலு பேர் நடுவே நிறுத்தி விசாரிக்கும்போது, கூட ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்து உட்காருவது அத்தைக்குப் பழக்கம். அந்தக் கருவியையும் அது இருக்கும் அறையையும் கட்டியவர் அவள் கணவர்தான். கண்ணாடி தேய்ப்பதில் அவர் விரலுக்கு ஈடு கிடையாது. பிள்ளைகளுக்கெல்லாம் அவர் கண்ணாடி மாமா. அப்பா அலையைக் கண்ட அந்த வாரம், மாமா சரக்கு வண்டியில் கீழே இறங்குவதாகச் சொல்லியிருந்தார். வீடு வந்து சேரவில்லை. எவளோடோ போய்விட்டார் என்று தெருவில் பேசினார்கள். குடும்பம் அதை மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து அத்தை முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டாள், அவ்வளவுதான்.

கருவி இருந்தது அறைக்குள் இருந்த ஓர் அறையில். ஜன்னல் கிடையாது. மூன்றடுக்குச் சுவர். நடுவில் மணல் நிரப்பிய குழி, அதன்மேல் கருங்கல் மேசை, மேசைமேல் கருவி. தரையின் அதிர்வு மேலே ஏறாமலிருக்கத்தான் அந்த மணல். அளவு நடக்கும்போது உள்ளே விளக்கு எரியக் கூடாது, ஆள் நிற்கக் கூடாது. ஓர் ஆளின் உடம்புச் சூடு போதும், காற்றின் அடர்த்தி மாறிக் கோடுகள் இடம்பெயர்ந்துவிடும்.

கதவு கனமான இரும்பு. வெளியிலிருந்து திருகாணிகளை முறுக்கித்தான் அடைக்க வேண்டும். உட்பக்கம் கைப்பிடி இல்லை. கைப்பிடிக்குத் துளை போட்டால் அந்தத் துளை வழியாகக் காற்று வரும் என்று அப்பா வைக்கவில்லை. அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்ட விஷயங்களில் அதுவும் ஒன்று.

மறுப்புக்காரர் கதவின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். துருவும் உரிந்த பெயிண்டும்.

"யாராவது உள்ள மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"எங்க வீட்டுல யாரும் கவனமில்லாம இருக்க மாட்டாங்க," என்றாள் அத்தை.

அப்பாவின் ஏற்பாட்டில் இளையவள் இரண்டே விஷயங்களைச் சேர்த்தாள். ஒன்று, சுவரைச் சுற்றியும் கதவருகிலும் பொருத்திய வெப்பமானிகள். அவற்றின் அளவு வெளியே திரையில் தெரியும். மற்றொன்று, ஒளி வரும் பாதையில் ஓர் அயோடின் குடுவை. கண்ணாடிக்குள் ஊதா நிற ஆவி. நட்சத்திர ஒளி அதைக் கடக்கும்போது, அயோடினும் தன் கோடுகளை அளவுகோலின் கோடுகள்போல நெருக்கமாகப் பதித்துவிடும். அறை அசைந்தால் நட்சத்திரக் கோடும் அயோடின் கோடும் சேர்ந்தே அசையும். அயோடினின் அசைவைக் கழித்துவிட்டால், மிஞ்சுவது நட்சத்திரத்தின் அசைவு மட்டும். அப்பா காலத்தில் இந்த வசதி இல்லை. இருட்டும்போது ஒருமுறை, விடியும்போது ஒருமுறை விளக்கைக் காட்டிச் சரிபார்ப்பார். இடையில் அறை என்ன செய்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

"எல்லாரும் வெளியதான இருக்கோம்?" என்று கேட்டுவிட்டுத்தான் இளையவள் கதவைத் தள்ளினாள்.

"நான் இருக்கேன் மேடம். என் நிழல் உள்ள நின்னுடுச்சான்னு பாத்துக்கங்க," என்று ஆந்தை திருகாணிகளை முறுக்கினான். ஒவ்வொன்றும் கடைசிச் சுற்றில் கீச்சென்றது. அதன்பின் அந்தப் பக்கமிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அந்தக் கதவு மூடினால் அப்படித்தான்.

முதல் இரவுகளில் ஒன்றும் இல்லை. அறை குளிர்ந்து நிலைக்கு வந்துகொண்டிருந்தது. திரையில் புள்ளிகள் நேராக வரிசை கட்டி நின்றன. மறுப்புக்காரர் நாற்காலியில் சாய்ந்து, "நாளைக்குப் பாக்கலாம்மா, அவசரமில்ல," என்றார். அவர் கேலி செய்திருந்தால் இளையவளுக்குத் தூக்கமாவது வந்திருக்கும்.

அடுத்த இரவு, வானம் நன்றாகக் கறுத்தபின், புள்ளிகள் ஏறத் தொடங்கின.

ஏறி, தயங்கி, இறங்கின. மறுபடி ஏறின.

ஆந்தை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "பெரியம்மா, இங்க வந்து பாருங்க! உங்க அண்ணன் வந்துட்டார்!"

வீட்டுக் கூடத்துச் சட்டத்துக்குள் இருக்கிற அதே அலைதான். அதே ஏற்றம், உச்சியில் அதே சிறு தயக்கம். சின்ன வயதிலிருந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி பார்த்து வளர்ந்த உருவம். இளையவளின் கண் நிறைந்துவிட்டது. அத்தை அவள் தலையில் கைவைத்தாள். "போதும் பாப்பா. ஜெயிச்சுட்டே."

மறுப்புக்காரர் எழுந்து வந்தார். திரையை வெகுநேரம் பார்த்தார்.

"அயோடினைக் கழிச்சுட்டியாம்மா?"

அவள் இன்னும் கழிக்கவில்லை. சந்தோஷத்தில் மறந்து போயிருந்தாள்.

கழித்தாள்.

அலை போய்விட்டது. அப்பாவின் அலை இருந்த இடத்தில் கிட்டத்தட்ட நேரான ஒரு கோடு.

மேலே குவிமாடம் முனகியது. "வேற நட்சத்திரத்துக்குத் திருப்பு," என்றாள் இளையவள். அசைவே இல்லை என்று எல்லோரும் அறிந்த ஒரு நட்சத்திரத்துக்கு ஆந்தை தொலைநோக்கியைத் திருப்பினான். அதிலும் அந்த அலை. ஏறி, தயங்கி, இறங்கியது.

"குவிமாடத்தை மூடு. சரிபார்க்கிற விளக்கை மட்டும் போடு."

தகடுகள் உரசி மூடிக்கொண்டன. இப்போது கருவிக்குள் போவது விளக்கின் ஒளி மட்டுமே. வானம் இல்லை. நட்சத்திரம் இல்லை.

அலை இருந்தது.

"அசையறது நட்சத்திரம் இல்லம்மா," என்றார் மறுப்புக்காரர். அவர் குரலில் வெற்றி இல்லை. வேறு ஏதோ இருந்தது. "அறை. எங்க ஆய்வுக்கூடத்துல ஒரு தடவை, பெருக்க வந்த ஆள் குளுகுளுன்னு இருக்குன்னு கருவி அறையில படுத்துத் தூங்கிட்டார். கவனிக்காம நாங்க அளவை ஆரம்பிச்சுட்டோம். அன்னைக்கு வந்த கோடு இப்படித்தான் இருந்துச்சு. எந்திரிச்சு நடந்தா ஏறும். நின்னா தயங்கும். படுத்தா இறங்கும்."

"என்ன சார் சொல்றீங்க?" என்றான் ஆந்தை.

"உள்ள ஆள் இருந்தா இப்படி வரும்னு சொல்றேன்."

ஆந்தை அறையைச் சுற்றிப் பார்த்தான். அவன் உதடு எண்ணுவது தெரிந்தது. நால்வரும் அங்கேதான் இருந்தார்கள்.

அத்தை மூலையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதுவரை அவள் பக்கம் யாரும் திரும்பவில்லை.

"நடந்தா ஏறும்னீங்க," என்றாள். "அப்ப என் அண்ணன் பாத்த அலையில ஏறினதெல்லாம், யாரோ உள்ள நடந்ததா?"

மறுப்புக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளுக்கு நாள் சின்னதாகிட்டே போச்சே. அது?"

அதற்குப் பதில் தேவையில்லை. நட்சத்திரம் அடங்கிவிட்டது என்று அப்பா எழுதிய வரி எல்லோருக்கும் தெரியும்.

"என் அண்ணன் குடிச்ச டம்ளரைக்கூட எடுத்து வைக்க மாட்டான்," என்றாள் அத்தை, சுவரைப் பார்த்தபடி. "அந்த வாரம் அவரைத் தேடிக்கிட்டு நான் மலை ஏறி வந்தப்ப, தனியா மணல் மூட்டை சுமந்துக்கிட்டு இருந்தான். குழி மணல் ஈரமாயிடுச்சு, மாத்தணும்னான். வேலைக்காரங்களை ஏன் கூப்பிடலைன்னு நான் கேக்கலை. அண்ணன் செஞ்சா சரியாத்தான் இருக்கும்னு கீழ இறங்கிட்டேன்."

அப்போதுதான் வெப்பமானிகளின் திரையில் ஓர் எண் மாறியது.

கருங்கல் மேசைக்குப் பக்கத்தில் இருந்த வெப்பமானி ஏறியது. சற்று நேரத்தில் அது இறங்க, சுவரோரம் இருந்தது ஏறியது. அதுவும் இறங்கியது. அதற்கு அடுத்தது ஏறியது. ஒரு விளக்கை ஏந்திக்கொண்டு ஒருவர் சுவரைத் தடவியபடி நடந்தால் எப்படி இருக்குமோ, அப்படி. ஆனால் உள்ளே விளக்கு இல்லை. சூடு மட்டும் நடந்து வந்தது.

கடைசியில் கதவருகே இருந்த வெப்பமானி.

ஏறியது. ஏறிக்கொண்டே போனது. மனித உடம்பின் சூட்டுக்கு வந்து, அங்கேயே நின்றது.

இறங்கவில்லை.

அத்தை எழுந்தாள். போர்வை கீழே விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை. தாழ்வாரத்தைக் கடந்து கதவின் முன்னால் போய் நின்றாள். அந்தப் பக்கத்தில் தட்டுகிற சத்தம் இல்லை. அந்தச் சுவரைத் தாண்டி எந்தச் சத்தமும் எப்போதும் வெளியே வந்ததில்லை.

"திற," என்றாள்.

ஆந்தை ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டான். இளையவள் நகரவில்லை. அவள் கண் கழித்துவிட்ட கோட்டின்மேல் இருந்தது. அது கிட்டத்தட்ட நேர்கோடு. முழு நேர்கோடு அல்ல. அதில் மிகச் சின்னதாக ஒரு வீக்கம் இருந்தது. அறையோடு சேராத வீக்கம். அயோடினில் இல்லாதது, விளக்கில் இல்லாதது, அடுத்த நட்சத்திரத்தில் இல்லாதது. அப்பாவின் நட்சத்திரத்தில் மட்டும் இருந்தது.

நட்சத்திரம் நிஜமாகவே அசைந்துகொண்டிருந்தது. அப்பா பார்த்தது அதுவல்ல. ஆனால் அப்பா சொன்னது பொய்யுமல்ல. இன்னும் ஓர் இரவு அளந்தால் அலை முழுசாகிவிடும். யாராலும் மறுக்க முடியாது. இப்போது கதவைத் திறந்தால் அறை மறுபடி நிலைக்கு வரப் பல இரவுகள் ஆகும், அதற்குள் நட்சத்திரம் சூரியனின் பக்கம் போய் மறைந்துவிடும். வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். தெரியாதவர்கள்தான் அவளைப் பற்றி நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள்.

"ஒரே ஒரு ராத்திரி அத்தை," என்றாள்.

"என்னடி சொன்னே?"

"உள்ள இருக்கறது இப்ப நடக்கறது இல்ல. எப்பவோ நடந்து முடிஞ்சது. ஒரு ராத்திரியில ஒண்ணும் கெட்டுடாது."

"கெட்டுடாதா? உங்கப்பனும் தனக்குத்தானே இதைத்தான் சொல்லிக்கிட்டிருப்பான்."

மறுப்புக்காரர் நடுவில் வந்தார். "திறந்துடும்மா. நான் அடுத்த வருஷமும் வர்றேன். அதுவரைக்கும் உங்க அப்பா பேர் மேல யாரும் கை வைக்காம நான் பாத்துக்கறேன். எழுதியே தர்றேன்."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் திறந்திருப்பாளோ என்னவோ. அப்பாவைப் பொய்யன் என்று எழுதிய கையால் இரக்கம் நீட்டுகிறார். அதை வாங்கிக்கொண்டு இறங்கிப் போக அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

"எங்களுக்கு யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம் சார்," என்றாள்.

"மேடம், நான் திறக்கறேன்," என்றான் ஆந்தை. "வேலை போனா போகுது. நான் வேற மலையில போய்க் கண்ணு முழிச்சுக்கறேன்."

அவள் அவன் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள். தன் நாற்காலிக்குத் திரும்பி, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

விடிந்தது. வெயில் வந்தது. பகல் முழுக்கக் கதவருகே இருந்த வெப்பமானி அப்படியே இருந்தது. சாட்சியாக வந்தவன், முடியும்வரை இருப்பேன் என்று மறுப்புக்காரர் சொன்னார். ஆனால் அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அத்தை கதவின்மேல் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். சாய்ந்து உட்கார்ந்து அவளை இளையவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. மெல்லிய குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

"கேக்காது அத்தை. மூணு சுவர்."

"எனக்குத் தெரியாதா? அவர் கட்டின சுவர்தானே."

ஆந்தை ரொட்டியும் தண்ணீரும் கொண்டுபோய் வைத்தான். அத்தை தண்ணீரை மட்டும் எடுத்து, கதவின் அடிப்பக்கத்தில், விளிம்பையொட்டி வைத்தாள். ஒரு சொட்டுக்கூட உள்ளே போக வழியில்லை என்று அவளுக்குத் தெரியும்.

மறுபடி இருட்டியது. குவிமாடம் திறந்தது. கோடுகள் பதிய ஆரம்பித்தன. இளையவளின் முன்னால் இரண்டு அலைகள் இருந்தன. மேலே இருந்தது அறையின் அலை. கீழே, அதைக் கழித்தபின் மிஞ்சிய நட்சத்திரத்தின் அலை.

நட்சத்திரத்தின் அலை ஏறியது.

அறையின் அலை சிறுத்தது.

கதவின் நடு உயரத்தில் இருந்த வெப்பமானி மெல்ல இறங்கியது. தரையோடு ஒட்டி இருந்தது ஏறியது. நின்றிருந்த சூடு கீழே சரிந்துவிட்டது.

தாழ்வாரத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. உரக்கக்கூட இல்லை. "பாப்பா."

இளையவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, முதுகு சில்லுனு ஆகுது."

ஸ்பேனரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. நட்சத்திரத்தின் அலை உச்சியைத் தொட்டுத் திரும்பியது. இன்னும் கொஞ்சம். மேலே இருந்த அலை ஒருமுறை எழும்பியது, பாதிவரை. பிறகு அதில் பாதி. பிறகு ஒரு நடுக்கம்.

பிறகு நேர்கோடு.

"அடங்கிடுச்சு," என்றான் ஆந்தை, வாயைப் பொத்திக்கொண்டு.

கீழே நட்சத்திரம் தன் ஒரு சுற்றை முடித்துவிட்டு, மறு சுற்றுக்கு எழும்பிக்கொண்டிருந்தது. இவ்வளவு சுத்தமான அலையை இளையவள் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

கிழக்கு வெளுத்தபின் அவளே போய்த் திருகாணிகளைக் கழற்றினாள். அத்தை எழுந்து ஒதுங்கி நின்றாள். கதவு நகர்ந்ததும், உள்ளேயிருந்து ஒரு வாடை வந்தது. அழுகல் வாடை இல்லை. போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு வெகுநேரம் விட்ட மூச்சின் வாடை.

உள்ளே யாரும் இல்லை. மேசை, கருவி, அயோடின் குடுவை, மணல். எல்லாம் வைத்தது வைத்தபடி.

அத்தை கதவுக்கு உள்ளே, தரையில் குனிந்து கைவைத்தாள். அழவில்லை. "வந்து தொட்டுப் பாரு," என்றாள்.

இளையவள் தொட்டாள். சிமெண்டுத் தரை, ஓர் ஆள் நீளத்துக்கு மட்டும், படுத்து எழுந்துபோன பாய்போல வெதுவெதுப்பாக இருந்தது. சுற்றிலும் பனிக்கட்டிக் குளிர்.

மறுப்புக்காரர் டார்ச்சைக் கதவின் உட்பக்கம் அடித்தார். உரிந்த பெயிண்டும் துருவும் அப்படியேதான் இருந்தன, ஓர் இடத்தைத் தவிர. கைப்பிடி இருந்திருக்க வேண்டிய இடம். அங்கே இரும்பு உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து, குழிந்து, பளபளத்தது. கீறல் ஒன்று இல்லை. பொறுமையாக, வட்டம் வட்டமாக, விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய ஆடி.

அதில் இளையவளின் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"அவர் வேலை," என்றாள் அத்தை. பெருமையாகத்தான் சொன்னாள்.

முடிவு வெளிவந்தது. ராட்சத நட்சத்திரம் அசைகிறது என்பது நிலைநாட்டப்பட்டது. அட்டவணையில் அப்பாவின் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மறுப்புக்காரர் தன் மறுப்பைத் திரும்பப் பெற்றுக் கையெழுத்திட்டார். அவர் நேர்மையான மனிதர், அதற்கு மேல் அவரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டபின் அவர் இளையவளோடு பேசியதில்லை. அறையின் அசைவைப் பற்றிக் கட்டுரையில் ஒரே ஒரு வரி இருக்கிறது: கருவியின் விலகல் கழிக்கப்பட்டது. மாமாவுக்கு இப்போது அதுதான் பெயர்.

மணலைத் தோண்டிப் பார்க்கலாமா என்று அத்தை ஒருமுறை கேட்டாள். தோண்டினால் மேசை சாயும், மேசை சாய்ந்தால் கருவி போய்விடும், அந்தக் கருவியை இனி யாராலும் கட்ட முடியாது என்று இளையவள் எடுத்துச் சொன்னாள். அத்தை இரண்டாம் முறை கேட்கவில்லை. மலையை விட்டு இறங்கவும் இல்லை. தாழ்வாரத்தில் அவளுக்கு ஒரு கட்டில் போட்டிருக்கிறார்கள், தலைமாடு கதவுப் பக்கம். புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்று இப்போது அவளை யாரும் சொல்வதில்லை. அந்த மட்டில் குடும்பத்துக்கு ஒரு குறையும் இல்லை.

ஊரில் பேசுவதற்கு ஆள் பஞ்சமில்லை. அந்த ராத்திரியோடு எல்லாம் ஓய்ந்துவிட்டது, அறையில் இப்போது எதுவும் தெரிவதில்லை என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. அன்றிலிருந்து கதவை அடைத்த ஒவ்வொரு முறையும் தெரிகிறது. இளையவள் அதைக் கழித்துவிடுகிறாள்.